காதில் குறையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

தெருப் பாடகர்களை யாரும் மதிப்பதில்லை என்று வருந்தும் தங்கள் கட்டுரையைப் படித்தேன். குறை மக்களின் காதில் இல்லை, இடத்திலும் நேரத்திலும்தான். 2007 ஜனவரியில் வயலின் மேதை ஜோஷுவா பெல், வாஷிங்டன் மெட்ரோ நிலையம் ஒன்றில் காலை அவசரத்தில் 43 நிமிடங்கள் வாசித்தார். ஆயிரம் பேருக்கு மேல் கடந்துபோனார்கள். நின்று கேட்டவர்கள் ஏழே பேர். 2014-இல் அதே நகரின் யூனியன் ரயில் நிலையத்தில், முன்கூட்டியே அறிவித்து நண்பகலில் வாசித்தபோது பெருங்கூட்டம் கூடியது.

தாம்பரம் மின்சார ரயிலிலும் இதைப் பார்க்கிறேன். காலையில் யாரும் நிமிர்ந்து பார்க்காத பாடகரிடம், இரவு வண்டியில் 'இன்னொரு பாட்டு பாடுங்கண்ணே' என்று கேட்கிறார்கள். பெரிய நிலையங்களில் மாலை வேளைகளில், நாலு பெஞ்சு போட்டு ஒரு மூலையை ரயில்வே இவர்களுக்கு ஒதுக்கலாம். பாடுபவர் பெயரையும் பலகையில் எழுதி வைக்கட்டும்.

– வாசகர், குரோம்பேட்டை