அறுபத்துமூவர் விழா: அறிவிப்பு முன்கூட்டியே வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழா நெருங்கும் இவ்வேளையில், மயிலாப்பூர் மாடவீதியில் குடியிருப்பவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். ஏழாம் நாள் தேரோட்டத்துக்கும், எட்டாம் நாள் பிற்பகலில் புறப்படும் அறுபத்துமூவர் (சிவனடியார்களான நாயன்மார்கள்) உலாவுக்கும் நகரெங்கிலுமிருந்து மக்கள் திரளும்போது, வாகனங்கள் எங்கே திருப்பிவிடப்படும், பேருந்துகள் எந்த நிறுத்தம் வரை வரும் என்பது, சென்ற முறை அன்று காலையில்தான் எங்களுக்கே தெரியவந்தது. இவ்விவரங்களை ஒரு வாரம் முன்னதாகவே தெருமுனைகளில் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும். நீர்மோரும் பானகமும் வழங்கும் அன்பர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனாலும், காலிக் குவளைகளைப் போடப் பந்தலுக்கு ஒரு தொட்டியாவது வைக்கக் கூடாதா? முதியோர் சற்றே அமர வீதியோரம் சில நாற்காலிகளும் போட்டுவைத்தால் நலம்.

இங்ஙனம்,
மாடவீதிவாசி ஒருவர்,
மயிலாப்பூர், சென்னை – 4