ஊர் மாறிய, வீட்டிலிருந்தபடியே விற்கும் பெண்களுக்கு அவகாசம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கும் நான், சமையலறை டப்பாக்கள், தண்ணீர் பாட்டில்கள், முகப்பூச்சு வகைகள் ஆகியவற்றை, கடைகள் வழியாக அல்லாமல் என்னைப் போன்ற தனி விற்பனையாளர்கள் வழியாக விற்கும் ஒரு நேரடி விற்பனை நிறுவனத்திடமிருந்து வாங்கி வீட்டிலிருந்தபடியே விற்று வருகிறேன். கணவரின் வேலைக்காகவோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ ஊர் மாறும்போது, இத்தொழிலில் இருக்கும் பெண்கள் இழப்பது என்ன, அதை மீண்டும் எழுப்ப அவர்களுக்குத் தேவைப்படுவது என்ன என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்பியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மயிலாடுதுறையில் பதினோரு ஆண்டுகள் இதே தொழிலைச் செய்தேன். ஏறத்தாழ தொண்ணூறு வீடுகள் எனக்கு வாடிக்கை. எந்த வீட்டில் எந்தத் தேதியில் சம்பளம் வரும், எந்த வீட்டில் தை மாதம் கல்யாணம், யாரிடம் பணத்தை நினைவூட்டலாம், யாரிடம் நினைவூட்டக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மூன்று தவணை என்று வாய்ப்பேச்சாகச் சொல்லிப் பொருளைக் கொடுத்துவிட்டு வருவேன். நோட்டில் நான் எழுதி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு எழுத்து கிடையாது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் என் கணவரை ராணிப்பேட்டை சிப்காட் பகுதியிலுள்ள கிளைக்கு மாற்றினார்கள். பிள்ளைகளின் பள்ளியை உத்தேசித்துச் சத்துவாச்சாரியில் வீடு பார்த்தோம். வீட்டுச் சாமான்கள் லாரியில் வந்து சேர்ந்தன. தொண்ணூறு வீடுகளும் அங்கேயே நின்றுவிட்டன.

கடை வைத்திருப்பவர் ஊரை விட்டுப் போகும்போது கடையை இன்னொருவருக்குக் கைமாற்றி, கடையின் நற்பெயருக்கான விலையாக, குட்வில் என்று ஒரு தொகையும் பெற்றுக்கொள்கிறார். வீட்டு வியாபாரிக்கு அப்படிக் கைமாற்ற ஒன்றுமில்லை. எனக்கு வரவேண்டிய 14,600 ரூபாயில் பெரும்பகுதியை மயிலாடுதுறைப் பெண்கள் கேட்காமலேயே கைபேசி வழியாக அனுப்பி வைத்தார்கள் என்பதை இங்கே நன்றியுடன் குறிப்பிடுகிறேன். அந்த நாணயம்தான் என் தொழிலின் மூலதனம் என்பது அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

அது விளங்குவதற்கு முன்பே ஒரு தவறு செய்துவிட்டிருந்தேன். ஊர் மாறுவதால் சில மாதங்கள் விற்பனை குறையும் என்று, என்னை இத்தொழிலில் சேர்த்துவிட்ட அப்லைன் அம்மையாரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். மாத டார்கெட் விட்டுப்போனால் நிறுவனத்தில் இத்தனை ஆண்டுகள் சேர்த்த தரநிலை இறங்கிவிடும், புதிய ஊரில் எப்படியும் விற்றுவிடலாம், இப்போதைக்குச் சரக்கை எடுத்து வைத்துக்கொள் என்றார் அவர். சீட்டுப் பணத்தை எடுத்து 38,000 ரூபாய்க்குச் சரக்கு வாங்கினேன். வேலூரின் மே மாத வெயில் எப்படிப்பட்டது என்று இவ்வூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் இருந்தது மொட்டை மாடிக்குக் கீழேயுள்ள மேல்தளம். அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் உதட்டுச் சாயங்களும் தைலக் குப்பிகளும் இளகி உருக்குலைந்துபோயின. டப்பாக்கள் கெடவில்லை என்றாலும், அவற்றைக் கொண்டுபோய்க் காட்ட எனக்கு ஒரு வீடுகூட இல்லை. சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கேட்டபோது, அட்டைப்பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்று காரணம் சொல்லி மறுத்துவிட்டார்கள். நேரடி விற்பனைக்காக மத்திய அரசு 2016ஆம் ஆண்டிலேயே வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில், விற்கத்தக்க நிலையில் உள்ள பொருள்களை விற்பனையாளர் கேட்டால் நியாயமான நிபந்தனைகளின்பேரில் நிறுவனம் திரும்பப் பெற ஏற்பாடு இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருப்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் டப்பாக்களுக்காவது வாதாடியிருப்பேன்.

தேங்கிய சரக்கு முதல் தடை என்றால், இரண்டாவது தடை இவ்வட்டாரத்து மக்களின் மனக்காயம். நாங்கள் குடிவந்த அதே 2022ஆம் ஆண்டில்தான், மாதந்தோறும் பெருந்தொகை வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய நிறுவனங்கள் மீது பொருளாதாரக் குற்றப் பிரிவினர் நடவடிக்கை எடுத்த செய்திகள் வட மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு பேசப்பட்டன. நகையை அடகு வைத்துக் கட்டியவர்களும், ஓய்வூதியப் பணத்தைக் கட்டியவர்களும் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். பையும் விலைப் புத்தகமுமாக நான் போய் நின்ற முதல் வீட்டில், கதவைப் பாதி திறந்தபடி ஒரு பெரியம்மா, "இன்னாம்மா, ஆள் சேக்கற கம்பெனியா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. ஆயினும் அவர் கேட்டது தவறு என்று அன்றும் நான் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. பணத்தை இழந்த தெரு அப்படித்தான் கேட்கும், கேட்கவும் வேண்டும்.

அன்றோடு பையை உள்ளே வைத்துவிட்டேன். ஆறு மாதங்கள் எதையும் விற்க முயலவில்லை. காலையில் பால் வாங்கப் போனேன், ரேஷன் கடை வரிசையில் நின்றேன், நவராத்திரிக்கு அழைத்த வீடுகளுக்கெல்லாம் கொலு பார்க்கப் போனேன். விலைப் புத்தகத்தை எங்கும் எடுத்துச் செல்லவில்லை. கீழ்த்தளத்தில் மாலை வேளைகளில் இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா ஒருவர் இருந்தார். வேலூர்ச் சூட்டில் மாவு சீக்கிரம் புளித்துப் பொங்கி, அவருடைய பழைய டப்பாவின் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிவதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் கிடந்த பெரிய டப்பா ஒன்றை அவரிடம் கொடுத்து, ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். வாரம் முடிந்ததும் விலை கேட்டுப் பணம் கொடுத்தார். அது நவம்பர் மாதம். வேலூரில் என் முதல் விற்பனை அதுதான்.

மாவு வாங்க அவரிடம் தினமும் நாற்பது பேராவது வருவார்கள். அந்த டப்பாவைப் பார்த்தவர்கள் எங்கே வாங்கியது என்று அவரைக் கேட்டார்கள். அவர் மாடியைக் காட்டினார். நான் நாற்பது கதவுகளைத் தட்டியிருந்தாலும் கிடைத்திராத அறிமுகம் அது. பிறகு ரவிக்கை தைக்கும் ஒரு தங்கையின் வழியாகச் சில வீடுகள், அவர்கள் வழியாகக் காட்பாடி காந்தி நகரில் சில வீடுகள் என்று கிளை விட்டது. சித்தூர் எல்லை பக்கத்திலேயே இருப்பதால் காட்பாடியில் தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. வேலூரிலுள்ள சைதாப்பேட்டைப் பக்கம் போனால் உருது பேசும் வீடுகள். மயிலாடுதுறையில் நான் பேசிப் பழகிய விதம் இங்கே அப்படியே எடுபடவில்லை. பொருளின் பெருமையை நான் சொல்லிக்கொண்டே போவதைவிட, அவர்கள் கையில் கொடுத்து அவர்கள் பேசுவதைக் கேட்பதே பலன் தந்தது. 2021ஆம் ஆண்டு முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பதும் எனக்குப் பெருந்துணையாக இருந்தது. ஒரே ஒரு பாட்டில் கேட்டவருக்கும் கொண்டுபோய்க் கொடுக்க முடிந்தது அதனால்தான்; ஆட்டோவுக்குச் செலவழித்திருந்தால் அதில் கிடைக்கும் லாபம் போக்குவரத்துக்கே சரியாகப் போயிருக்கும்.

தவணையைப் பொறுத்தவரை ஓராண்டு வரை யாருக்கும் தரவில்லை. இதைச் சொல்லச் சங்கடமாக இருந்தாலும், புதிய ஊரில் கடன் கொடுத்துவிட்டு அதைக் கேட்டுப் போய் நிற்பதைப்போல உறவைக் கெடுப்பது வேறில்லை என்பதே என் அனுபவம். இன்று எனக்கு ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. மயிலாடுதுறை அளவுக்கு இன்னும் வரவில்லை.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகளின்படி, விற்பனையாளர் அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டி நேரம் கேட்டு ஒப்புதல் பெறாமலும் ஒருவர் வீட்டுக்குச் செல்லக் கூடாது. ஆள் சேர்ப்பதையே வருமானமாகக் கொண்ட பிரமிடு திட்டங்களையும், புதிதாகச் சேருபவரின் பணத்தை முன்பே சேர்ந்தவருக்குக் கொடுத்துச் சுழற்றும் பணச்சுழற்சித் திட்டங்களையும் அவ்விதிகள் தடை செய்கின்றன. இவற்றைத் தொல்லையாகக் கருதும் சக விற்பனையாளர்களை நான் அறிவேன். ஊருக்குப் புதியவளான எனக்கோ இவை காப்பாகவே இருந்தன. அட்டையை முதலில் காட்டி, இன்று நேரமில்லை என்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிய வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவை பிறகு தாங்களாகவே அழைத்திருக்கின்றன. முன்பு "ஆள் சேக்கற கம்பெனியா" என்று கேட்ட பெரியம்மாவும் அப்படி அழைத்தவர்களில் ஒருவர்.

இவ்விஷயத்தில் நான் வேண்டுவன சில உண்டு. நேரடி விற்பனை நிறுவனங்கள், ஊர் மாறும் விற்பனையாளருக்குக் குறைந்தது ஆறு மாதமாவது டார்கெட்டிலிருந்து விலக்கு அளிக்க வேண்டும். அந்நாள்களில் அவர்கள் தலையில் சரக்கை ஏற்றுவதை மேலே இருப்பவர்கள் நிறுத்த வேண்டும். என் குடும்பத்தில் சீட்டுப் பணம் போனது. தாலிக்கொடியை அடகு வைத்துச் சரக்கு எடுத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

மாவட்ட நிர்வாகத்திடமும் ஒரு கோரிக்கை உண்டு. மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொருள்களுக்காக நடத்தப்படும் விற்பனைக் கண்காட்சிகளில் குழு உறுப்பினர்களுக்கே இடம் கிடைக்கிறது. பல ஆண்டுகளாக ஒரே தெருவில் சேர்ந்து சேமித்துவரும் குழுக்களில், வாடகைக்கு வந்த ஒருத்தி உடனே உறுப்பினராகிவிட முடியாது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சிறுதொழில் செய்வோருக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரைக் கொண்டு இணையத்திலேயே செய்துகொள்ளலாம். அப்பதிவும் உள்ளூர் முகவரியும் வைத்துள்ள, தாமே பொருள் செய்து விற்கும் பெண்களுக்கு, குழுவில் இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று மேசைகளாவது ஒதுக்கலாம். நான் விற்பது ஒரு நிறுவனத்தின் பொருள் என்பதால் எனக்கு அந்த இடம் பொருந்தாமல் போகலாம். வத்தல், வடகம், மசாலாப் பொடி, துணிப்பை என்று சொந்தமாகச் செய்து விற்றுவந்து, ஊர் மாறியபின் அதை நிறுத்திவிட்ட மூவர் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதைக் கேட்கிறேன்.

தங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மோசடி நிறுவனங்களைப் பற்றிய செய்திகளைத் தாங்கள் வெளியிடுவது மிகவும் அவசியமானது. அச்செய்திகளின் ஓரத்தில், வீட்டுக்கு வரும் விற்பனையாளரிடம் அடையாள அட்டை கேட்கலாம், சேருவதற்குப் பணம் கட்டச் சொன்னால் மறுக்கலாம், ஏமாற்றம் நேர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம் என்று நான்கு வரி சேர்த்து வெளியிட்டால், வாசலில் நிற்கும் பெண்ணிடம் என்ன கேட்க வேண்டும் என்பது வீட்டிலிருப்பவருக்கும் தெரியும். என்ன காட்ட வேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.