மேசியாவைக் குறித்துப் பிரசங்கிப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திருச்சபைகளின் போதகர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வணக்கம்.

கிறிஸ்மஸ் காலம் நெருங்கியதும் நம் பிரசங்க மேடைகளில் ஒரு கணக்கு தவறாமல் ஒலிக்கிறது. மேசியாவை, அதாவது தேவன் வாக்களித்த மீட்பரைப் பற்றிய 300க்கும் மேற்பட்ட தீர்க்கதரிசனங்கள் பழைய ஏற்பாட்டில் உள்ளன, அவை யாவும் தற்செயலாக ஒரே மனிதரிடம் நிறைவேற வாய்ப்பே இல்லை என்பதே அது. நாசரேத்தின் இயேசுவே எபிரெயத் தீர்க்கதரிசிகள் முன்னறிவித்த மேசியா என்று நானும் விசுவாசிக்கிறேன். ஆயினும் அந்த விசுவாசத்தை இந்தக் கணக்கின்மேல் கட்டக் கூடாது என்றும், அதைவிட உறுதியான ஆதாரம் நம்மிடம் இருந்தும் அதைப் போதிய அளவு எடுத்துரைக்காமல் விடுகிறோம் என்றும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அந்தப் பட்டியலிலுள்ள பல வசனங்கள் அவற்றின் சொந்த இடத்தில் முன்னறிவிப்புகளே அல்ல. "எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்" என்று ஓசியா 11இல் வருவது, இஸ்ரவேல் ஜனம் எகிப்தை விட்டுப் புறப்பட்டதைத் திரும்பிப் பார்க்கும் கூற்று. அதை இயேசுவின் குழந்தைப் பருவத்துக்குப் பொருத்திக் காட்டிய மத்தேயு இதை அறியாதவர் அல்லர். இஸ்ரவேல் நடந்த வழியை இயேசு மீண்டும் நடக்கிறார் என்பதே அவர் காட்ட விரும்பியது. மேலும், சகரியா சொன்னபடி கழுதையின்மேல் ஏறி எருசலேமுக்குள் வருவதை எவரும் திட்டமிட்டே செய்யலாம், பெத்லகேம் பிறப்பை மீகாவின் வசனத்துக்கு ஏற்பச் சுவிசேஷகர்களே எழுதியிருக்கலாம் என்று ஒருவர் வாதிட்டால், நிகழ்தகவுக் கணக்கு அவருக்கு ஒரு பதிலும் தராது.

சிலுவையை அப்படிப் புனைந்திருக்க முடியாது. தாவீதின் வம்சத்தில் ஒரு ராஜா எழும்பித் தங்களை விடுவிப்பார் என்று அந்நாளைய யூதர் பலர் காத்திருந்தனர். மரத்தில் தூக்கப்பட்டவனோ தேவனால் சபிக்கப்பட்டவன் என்பது உபாகமம் 21இன் தீர்ப்பு. "அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவரென்று நம்பியிருந்தோம்" என இயேசு மாண்டபின் எம்மாவு ஊருக்குப் போகும் வழியில் சீஷர்கள் சொன்னது, நம்பிக்கை முடிந்துபோனவர்களின் பேச்சு. கி.பி. 132இல் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்த பார் கோக்பாவை ரபி அக்கிபாவே மேசியா என்று ஏற்றதாக யூத மரபு கூறுகிறது. 135இல் பார் கோக்பா மாண்டதும் அந்த எதிர்பார்ப்பும் மாண்டது. ஆனால் சிலுவையில் மாண்ட இயேசுவைக் குறித்து, அவர் "வேதவாக்கியங்களின்படி" நம்முடைய பாவங்களுக்காக மரித்தார் என்ற அறிக்கையைத் தாமும் பெற்றுக்கொண்டதாகப் பவுல் 50களிலேயே கொரிந்தியருக்கு எழுதுகிறார். உயிர்த்தெழுந்தவரைக் கண்டோம் என்ற உறுதியோடு வேதத்தைத் திரும்ப வாசித்தபோதுதான், அதுவரை மேசியாவோடு அதிகம் இணைத்துப் பார்க்கப்படாத பகுதிகள் அவர்களுக்குத் துலங்கின.

அவற்றுள் தலையானது ஏசாயா 53. "நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு, நம்முடைய அக்கிரமங்களினிமித்தம் அவர் நொறுக்கப்பட்டார்" என்னும் இந்த அதிகாரம், சவக்கடல் அருகேயுள்ள கும்ரான் குகைகளில் 1947இல் முதலாவதாகக் கண்டெடுக்கப்பட்ட சுருள்களுள் ஒன்றான பெரிய ஏசாயாச் சுருளில் முழுமையாக உள்ளது. அச்சுருள் இயேசுவின் பிறப்புக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்தியது என்பதால், இதைக் கிறிஸ்தவர்கள் பின்னால் சேர்த்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. இங்கே பேசப்படும், பிறருக்காகத் துன்பப்படும் தேவனுடைய தாசன் இஸ்ரவேல் ஜனமே என்று இடைக்கால வேத விளக்கவுரையாளர் ராஷி முதலான யூத அறிஞர்கள் விளக்கியுள்ளனர். 41, 49ஆம் அதிகாரங்கள் இஸ்ரவேலைத் தாசன் என்றே அழைப்பதால் அது வெறும் சாக்குப்போக்கு அல்ல. நம் பிரசங்கங்களில் அதைச் சொல்லாமல் மறைப்பது நேர்மையும் அல்ல. ஆனால் அதே 49ஆம் அதிகாரத்தில் தாசன் யாக்கோபைத் திருப்பிக் கொண்டுவர அனுப்பப்படுகிறான். 53இல் "என் ஜனத்தின் மீறுதலினிமித்தம்" வாதிக்கப்படுகிறான். பாவமுள்ள ஜாதி என்று முதல் அதிகாரத்திலேயே கடிந்துகொள்ளப்பட்ட ஜனம், வாயில் வஞ்சனையில்லாத இந்தத் தாசனோடு பொருந்துவது எனக்குக் கடினமாகவே தெரிகிறது.

இதைவிட வலுவான ஆட்சேபம் வேறொன்று உண்டு. 1263இல் பார்சிலோனாவில் அரகோன் அரசரின் முன்னிலையில் விவாதிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட ரபி நக்மானிதேஸ், இயேசுவின் நாள்முதல் இன்றுவரை உலகம் வன்முறையால் நிறைந்திருக்கிறதே, பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள் என்ற வாக்கு எங்கே நிறைவேறியது என்று வாதாடினார். அதற்குப் பின் அவர் தாய்நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது கிறிஸ்தவ வரலாற்றின் அவமானம். அவருடைய கேள்விக்கு நம் பதில் இரண்டாம் வருகை. துன்பப்படும் தாசனும் நியாயந்தீர்க்கும் ராஜாவும் ஒருவரே, அவர் இருமுறை வருவார் என்ற வாசிப்பு உயிர்த்தெழுதலை ஏற்றவருக்கே இயல்பாகத் தோன்றும் என்பதையும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். யூதர்களைக் குருடர் என்று மேடையிலிருந்து இகழ்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வரும் ஆண்டில் தீர்க்கதரிசனத்தைப் போதிக்கும்போது அந்த 300 வசனப் பட்டியலை ஒதுக்கிவையுங்கள். ஏசாயா 52இன் 13ஆம் வசனம் தொடங்கி 53இன் முடிவுவரை சபையார் முன் நிறுத்தி வாசித்து, யூதரின் விளக்கத்தை அவர்களே ஏற்கும் விதத்தில் முதலில் எடுத்துச்சொல்லி, அதன்பின் நம்முடைய காரணங்களை முன்வையுங்கள்.

இப்படிக்கு,
சபையில் உங்கள் பிரசங்கங்களைக் கேட்கும் ஒரு விசுவாசி