குதிரைக்குத் தண்ணீர் காட்டிய பெடியன்

வெள்ளவத்தை,
கொழும்பு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை, படி இறங்கும்போது மட்டும் தன்னை ஞாபகப்படுத்துகிறது. எங்கள் ஒழுங்கை மூலையில் இருந்த பழைய வீட்டையும் இடித்துவிட்டார்கள். அங்கேயும் மாடிக் கட்டடம்தான் வரப்போகிறது. இனிக் கடற்காற்று வேண்டுமென்றால் மரின் டிரைவுக்குப் போய்த்தான் வாங்க வேண்டும்.

சரி, முதலாம் உலக யுத்தத்துக்குப் போன ஓர் அவுஸ்திரேலியப் பெடியனைப் பற்றிப் பேரன் பள்ளிக்கூடத்துக்கு எழுதுகிறானே, அதற்கு வருகிறேன். 4ஆவது லைட் ஹோர்ஸ் என்ற குதிரைவீரர் படையில் சேர்ந்து 1914இல் மெல்பேர்ணில் கப்பலேறிய அந்தப் பத்தொன்பது வயதுப் பெடியன் கொழும்பைக் கண்டிருப்பானா என்று கேட்டிருந்தாய். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனிடம் இப்படியொன்றைக் கேட்டுவிட்டால் விடுவானா? தேடி வாசித்துவிட்டேன்.

கண்டிருப்பான், கப்பல் தட்டில் நின்றாவது. அந்தப் படை 1914 ஒக்டோபரில் மெல்பேர்ணை விட்டது. மற்றக் கப்பல்களெல்லாம் மேற்கு அவுஸ்திரேலியாவின் அல்பனித் துறைமுகத்தில் வந்து சேர, நவம்பர் 1ஆம் திகதி எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டன. நியூசிலாந்துக்காரரையும் சேர்த்து ஏறக்குறைய 30,000 பேர், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள். வழியில் 9ஆம் திகதி, காவலுக்கு வந்த 'சிட்னி' போர்க்கப்பல் விலகிப் போய் கொக்கோஸ் தீவருகே எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை அடித்து நொறுக்கியது. செப்டெம்பர் 22இல் சென்னையில் குண்டு போட்டு எண்ணெய்த் தாங்கிகளை எரித்த அதே எம்டன்தான். 15ஆம் திகதி கப்பல்கள் கொழும்புக்கு வந்தன. 'சிட்னி'யும் காயப்பட்ட ஜெர்மன்காரரை ஏற்றிக்கொண்டு அன்றே வந்தது. வென்று வந்த கப்பல்தான், ஆனால் உள்ளே காயக்காரர் கிடக்கிறார்கள், ஆரவாரம் செய்ய வேண்டாம் என்று அதன் கப்டன் முன்கூட்டியே கேட்டுக்கொண்டாராம். யுத்தத்தில் இப்படியும் ஒரு மரியாதை இருந்திருக்கிறது. நாங்கள் பார்த்த யுத்தத்தில் இதெல்லாம் எங்கே?

பாலஸ்தீனத்தில் பீர்ஷெபா என்ற ஊரைப் பிடித்த தாக்குதலைத்தான் பேரன் முதலில் எழுதப் போகிறான் என்றாய். எனக்கு அதில்தான் மனமில்லை. அந்தத் தாக்குதல் ஒரு பின்னேரத்து வேலை. நாலு வருடச் சேவையில் மிச்ச நாளெல்லாம் அந்தப் பெடியன் செய்தது குதிரைக்காரன் வேலை.

கப்பலை யோசித்துப் பார். அல்பனியிலிருந்து எகிப்துக்கு ஒரு மாதத்துக்கு மேல். குதிரைக்குப் படுக்க இடமில்லை, ஒடுக்கமான தடுப்புக்குள் நின்றபடியே வர வேண்டும். கீழ்த்தட்டில் மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். வெயில் வலயத்துக்குள் வந்தபின் சொல்லவே வேண்டாம். பெடியன்கள் முறை வைத்துச் சாணம் அள்ளி, காலை நீவிவிட்டு, இடம் கிடைத்தால் தட்டில் பாய் விரித்துக் குதிரைகளை நடக்கவிட்டிருக்கிறார்கள். கொழும்பில் நங்கூரம் போட்டபோது நம் ஊர்த் தென்னைகளை விட, உள்ளே காற்று வருகிறதா என்பதுதான் அவனுக்குப் பெரிதாக இருந்திருக்கும். இது என் ஊகம், பேரன் எழுத வேண்டாம்.

இவ்வளவு பாடுபட்டு எகிப்துக்குக் கொண்டுபோன குதிரைகளை அங்கேயே விட்டுவிட்டு, 1915 மே மாதம் பெடியன்களைத் துருக்கியின் கலிப்பொலிக்குக் காலாட்படையாக அனுப்பினார்கள். அந்தச் செங்குத்து மலையிலும் பதுங்குகுழியிலும் குதிரைக்கு என்ன வேலை? குதிரை ஓட்டத் தெரியும் என்று படையில் சேர்ந்தவன் மண்வெட்டி பிடித்தான்.

லைட் ஹோர்ஸ் என்றால் வாளேந்திப் பாய்கிற பழைய குதிரைப்படை இல்லை. குதிரையில் போய், இறங்கி, துவக்கால் சண்டை பிடிக்கிறவர்கள். நாலு பேர் ஒரு கூட்டு. சண்டை தொடங்கினால் மூன்று பேர் முன்னே போவார்கள், நாலாமவன் நாலு குதிரையையும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பான். படையில் காற்பங்கு துவக்கு எப்போதும் இப்படிச் சும்மா நிற்கும். எனக்கு அந்த நாலாமவனைத்தான் பிடித்திருக்கிறது. ஷெல் விழுகிறது, குதிரைகள் மிரளுகின்றன, கூட்டாளிகள் திரும்புவார்களோ தெரியாது, கடிவாளத்தை விடவும் முடியாது. அவனுக்கு யார் சிலை வைத்தார்கள்?

பீர்ஷெபாவும் தண்ணீர்க் கதைதான். 1917 ஒக்டோபர் 31, பொழுது சாய்கிற நேரம். நேரத்தோடு ஊரைப் பிடித்தால்தான் அங்குள்ள கிணறுகள் கிடைக்கும். ஒரு நாளுக்கு மேல் தண்ணீர் காணாத குதிரைகளும் அங்கே நின்றன. 4ஆவது, 12ஆவது படைகளில் ஏறக்குறைய 800 பேர் துருக்கியரின் பதுங்குகுழிகளை நோக்கி வெட்டவெளியில் பாய்ந்தார்கள். வாள் இல்லாததால் துவக்குமுனைக் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு! இறந்தவர்கள் 31 பேர். கிணறுகளில் பெரும்பாலானவை தகர்க்கப்படாமலே கிடைத்தன. நெடுந்தீவில் அந்தக் கோடையில் வற்றிய கேணியைச் சுற்றிக் குதிரைகள் மண்ணை மணந்துகொண்டு நின்றதை நீயும் நானும் பார்த்தோமே. பீர்ஷெபாவைப் பற்றி வாசிக்கும்போது எனக்கு அந்தக் குதிரைகளின் மூக்குத்தான் நினைவில் நின்றது.

யுத்தம் முடிந்து பெடியன் வீடு திரும்பினான், சரி. குதிரை திரும்பவில்லை. அவுஸ்திரேலியாவிலிருந்து வெளியே போன ஏறக்குறைய 136,000 குதிரைகளில் யுத்தம் முடிந்து ஊர் வந்தது ஒன்றே ஒன்று. கப்பற் செலவு ஒரு பக்கம், நோய் வந்துவிடும் என்ற பயம் மறுபக்கம். ஒரு விதையைக்கூட இலேசில் உள்ளே விடாத நாடு, குதிரையை விடுமா? வயது போனதையும் நோய்ப்பட்டதையும் சுட்டார்கள். சுடுமுன் இலாடத்தைக் கழற்றி, பிடரியையும் வாலையும் கத்தரித்து எடுத்தார்களாம். இரும்புக்கும் மயிருக்கும் விலை இருந்தது. நல்லவை வேறு படைகளுக்குப் போயின. எகிப்தியரிடம் விட மனமில்லாமல் வீரர்கள் தங்கள் குதிரையைத் தாங்களே சுட்டார்கள் என்று ஒரு கதை எங்கும் ஓடுகிறது. கண்ணீர் வரவழைக்கும் கதை, ஆனால் அதற்கு ஆதாரம் போதாது என்கிறார்கள். பேரன் அதைத் தவிர்ப்பது நல்லது.

திரும்பி வந்த அந்த ஒன்றின் பெயர் சாண்டி. கலிப்பொலியில் அவுஸ்திரேலியப் படையை நடத்திய ஜெனரல் பிரிட்ஜஸின் குதிரை. அவர் 1915 மேயில் அங்கே சுடப்பட்டு, கப்பலிலேயே இறந்துபோனார். அந்த யுத்தத்தில் இறந்த அவுஸ்திரேலியரில் அன்று உடல் ஊர் கொண்டுவரப்பட்டது அவருக்கு மட்டும். ஜெனரலுக்கும் ஜெனரலின் குதிரைக்கும் கப்பலில் இடம் இருந்திருக்கிறது பார்! சாண்டி 1918 நவம்பரில் மெல்பேர்ணுக்கு வந்து, மரிபிர்னோங்கில் மேய்ந்து, 1923இல் செத்தது. உன் வீட்டிலிருந்து மரிபிர்னோங் தூரமில்லை என்று நினைக்கிறேன். பேரனைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் போய் வாருங்கள்.

இங்கே விகாரமகாதேவிப் பூங்காவில் நிற்கிற போர் நினைவுத்தூண் முன்பு காலிமுகத்திடலில் நின்றது. ஜப்பான்காரனுக்கு அடையாளமாகிவிடும் என்று இரண்டாம் யுத்தத்தில் கழற்றிக் கொண்டுவந்தார்கள். போன கிழமை அந்தப் பக்கம் போனேன். படியில் இரண்டு சோடிகள் குடை பிடித்துக்கொண்டு இருந்தார்கள். பெயர்களை வாசிக்கக் கிட்டப் போனால் முறைக்கிறார்கள், திரும்பிவிட்டேன்.

தைப்பொங்கலுக்கு வருவதென்றால் திகதியைக் கெதியாகச் சொல்லு. யாழ்தேவியில் இடம் பதிய வேண்டும், கடைசி நேரத்தில் கிடைக்காது. பேரனும் வந்தால் குறிகட்டுவானில் காலைப் படகைப் பிடித்து நெடுந்தீவுக்குப் போவோம். அவன் எழுதியதை முடித்ததும் ஒரு பிரதி அனுப்பு. ஆங்கிலத்தில் என்றாலும் பரவாயில்லை, கண்ணாடி மாற்றிவிட்டேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி