கண்காட்சி இருக்கட்டும், பௌதிகவியலுக்கு ஓர் ஆசிரியர் தாருங்கள்

மதிப்பிற்குரிய கல்வி அதிகாரிகளுக்கு,

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் பழைய மாணவன் எழுதிக்கொள்வது. உயர்தர மாணவர்கள் குவாண்டம் பின்னலும் தகவல் பாதுகாப்பும் பற்றிக் கண்காட்சி வைத்து, படங்களோடு அறிக்கை அனுப்ப வேண்டும் என்ற உங்கள் சுற்றுநிருபம் கிடைத்தது. அருமையான தலைப்பு. பௌதிகவியல் ஆசிரியர் வெற்றிடம் பற்றி அதிபர் அனுப்பிய கடிதங்கள் உங்களிடமே இருப்பதால் அந்தக் கதையைத் திரும்பச் சொல்லவில்லை.

கொழும்பில் கணினிப் பாதுகாப்பு வேலை பார்ப்பதால் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டார்கள். பின்னிய, அதாவது ஒன்றோடொன்று பிணைந்து சோடியான, இரண்டு ஒளித்துகள்களை ஒரே விதமாக அளந்தால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் விடைகள் பொருந்தி வரும் என்றேன். "அப்படியென்றால் ஒளியை விட வேகமாகச் செய்தி அனுப்பலாமே சேர்?" என்றாள் ஒரு மாணவி. முடியாது. எந்த விடை வரும் என்பது நம் கையில் இல்லை. இரு பக்கக் குறிப்புகளையும் வழக்கமான வழியில் ஒப்பிட்டால்தான் பொருத்தமே தெரியும். ஆனால் யாராலும் ஊகிக்க முடியாத அந்த விடைகளே செய்திகளைப் பூட்டித் திறக்கும் இரகசியச் சாவியாகின்றன. 1991இல் ஆர்தர் எக்கர்ட் என்ற பௌதிகவியலாளர் சொன்ன முறையில், இடையில் ஒருவன் ஒட்டுக்கேட்டால் பொருத்தம் குலைந்து அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவு கூர்மையாகக் கேட்ட பிள்ளைக்கு அலைகள் பாடமே இன்னும் நடக்கவில்லை. சனிக்கிழமைகளில் டவுனுக்கு டியூசன் போகிறாள். தோட்டத்துக்குக் கடைசி பஸ் பின்னேரமே போய்விடும். சேர் கரும்பலகையில் கணக்கைத் தொடங்குவார். விடை வருமுன் இவள் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்க வேண்டும். மீதியை அடுத்த கிழமை யாருடைய கொப்பியிலாவது பார்த்து எழுதுகிறாள். விடை இருக்கும், அது எப்படி வந்தது என்று கேட்க ஆள் இருக்காது. அதற்கும் முழுக்காசு, அம்மா கொழுந்து பறித்த சம்பளத்திலிருந்து.

பெரிய குவாண்டம் கணினி வந்தால், இணையத்தில் இரகசியங்களைக் காக்கும் ஆர்எஸ்ஏ என்ற கணிதப் பூட்டு உடையும் என்று 1994இல் பீட்டர் ஷோர் என்ற கணிதவியலாளர் காட்டினார். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2024இலேயே மாற்றுப் பூட்டுகளுக்கான நியமங்களை வெளியிட்டுவிட்டது. இன்னும் வராத கணினிக்கு அங்கே ஏற்பாடு முடிந்தது. இங்கே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இல்லை. கொழும்பில் ஓர் ஆசிரியர் கையெழுத்துப் போட்டால் இங்கேயும் ஒருவர் தோன்றிவிடுவார் என்று நினைக்கிறீர்களோ? ஆசிரியர்களிடம் குவாண்டம் பின்னல் வேலை செய்யாது ஐயா.

சரி, கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். தமிழ்மொழி மூலம் கற்பிக்க ஒரு பௌதிகவியல் ஆசிரியரை நியமித்துத் தாருங்கள். நியமனம் தாமதமானால், டவுன் பாடசாலை ஒன்றிலிருந்து கிழமைக்கு இரண்டு நாளாவது ஒருவரைத் தற்காலிகமாக இணைத்துவிடுங்கள். அடுத்த தவணை தொடங்குமுன் செய்தால் பெரிய உதவி.

இப்படிக்கு,
பழைய மாணவன்