விற்றார், சரி. ஏன் விற்றார்? பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபிக்கு ஒரு திறந்த மடல்

செபி தலைவர் அவர்களுக்கும் வாரிய உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வெளிவராத தகவலை வைத்துக் கம்பெனிக்கு உள்ளே இருப்பவர்கள் பங்கு வாங்கி விற்கும் உள்நபர் வணிகத்தைத் தடுக்க நீங்கள் 2015இல் கொண்டுவந்த விதிமுறைகளில், சில்லறை முதலீட்டாளர்களுக்கு உருப்படியாகக் கிடைத்தது படிவம் சி. கம்பெனியைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பங்குதாரரான புரமோட்டரோ, இயக்குநரோ ஒரு காலாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் தம் கம்பெனிப் பங்கை வாங்கினாலும் விற்றாலும், அந்த விவரம் சில நாட்களில் பங்குச் சந்தையின் தளத்துக்கு வந்துவிடுகிறது. உள்ளே இருப்பவர் சொந்தப் பணத்தைப் போடுகிறாரா, எடுக்கிறாரா என்று பார்த்துத்தான் எங்களில் பலர் முடிவெடுக்கிறோம்.

எத்தனை பங்கு, சந்தையில் நடந்ததா, வெளியே நடந்ததா, ஈசாப்பா (ஊழியர்களுக்குக் கம்பெனி தரும் பங்கு), குடும்பத்துக்குள் கைமாற்றமா என்பதெல்லாம் படிவத்தில் இருக்கிறது. காரணம் மட்டும் இல்லை.

வாங்குவதைப் புரிந்துகொள்வது ஓரளவு எளிது. (அதிலும் நாடகம் உண்டு. 60 சதவீதம் கையில் வைத்திருப்பவர் 15 லட்சத்துக்கு வாங்கியதை டெலிகிராம் குழுக்கள் திருவிழாவாகக் கொண்டாடும்.) விற்பதுதான் சிக்கல். ஈசாப் பங்குக்கு வரி கட்ட அதிகாரி விற்கலாம். பொதுமக்கள் கையில் 25 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற உங்கள் விதிக்காகவே புரமோட்டர் விற்கலாம். மகள் கல்யாணத்துக்கும் விற்கலாம். கம்பெனி தேறாது என்று தெரிந்தும் விற்கலாம். நான்கும் படிவத்தில் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. பார்த்ததும் பயந்து விற்பவர்கள் நாங்கள்.

எப்போது, எவ்வளவு விற்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்து ஒப்புதல் வாங்கிய வர்த்தகத் திட்டப்படி விற்றாலும் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. திட்ட அறிவிப்பைத் தனியே தேடி எடுத்து நாங்களே ஒப்பிட வேண்டும். இதேபோன்ற அமெரிக்காவின் படிவம் 4இல், சந்தையில் வாங்கியது, விற்றது, வரிக்காகப் பிடித்தது, அன்பளிப்பு என ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துக் குறியீடு உண்டு. 2023 ஏப்ரல் முதல், விற்பனை முன்திட்டப்படி நடந்ததா என்று டிக் செய்யும் கட்டமும் அதில் இருக்கிறது.

நம்மால் முடியாததல்ல. 2009இல் சத்யம் கம்பெனியின் கணக்கு மோசடி வெடித்த பிறகு, புரமோட்டர்கள் அடமானம் வைத்த பங்குகளை வெளியிடுவதை நீங்கள்தான் கட்டாயமாக்கினீர்கள். இன்று எந்தப் பங்கைப் பார்த்தாலும் முதலில் அந்த எண்ணைத் தேடுகிறோம். இன்னொரு சத்யத்துக்காக இதற்கும் காத்திருக்க வேண்டாம்.

படிவம் சி-யில் இரண்டு கட்டங்கள் சேருங்கள்: வர்த்தகத் திட்டப்படியா என்பது ஒன்று, விற்பனைக்கான காரணம் மற்றொன்று. காரணத்தை அவரவர் இஷ்டத்துக்கு எழுதவிட்டால் எல்லோரும் "சொந்தத் தேவை" என்று முடித்துவிடுவார்கள். அதனால் வரி, பொதுப்பங்கு விதி, கடன் அடைப்பு, பிற முதலீடு என்று நீங்களே வகை வகுத்துக் கொடுங்கள். பொய்யாக டிக் செய்தால் அபராதம் என்பதையும் அதே பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு முதலீட்டாளர்