தன்னார்வலர் பெயர் ஊராட்சிப் பதிவேட்டில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2020 ஜனவரியில்தான் எங்கள் கடலோர ஊராட்சித் தலைவர்கள் பதவியேற்றார்கள், மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கு வந்துவிட்டது. நாட்டுப்படகுக்காரர்களும் பாசி எடுக்கும் பெண்களும் தொழிலில்லாமல் கிடக்க, ஏப்ரல் 15-ல் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்துகொண்டது. அப்போது பெரியவர்கள் வீட்டுக்கு ரேஷன் அரிசி தூக்கிப்போனது தெருப் பையன்கள், முகக்கவசம் தைத்தது மகளிர் குழுப் பெண்கள், பிளீச்சிங் பவுடர் போட்டது சொற்பச் சம்பளத் தூய்மைக் காவலர்கள்.

இதில் ஒரு பெயராவது ஊராட்சியில் எழுதி வைத்திருக்கிறார்களா? அந்த வருடம் அக்டோபர் 2 கிராம சபையையும் ரத்து செய்துவிட்டார்கள், சரி, நோய்க் காலம். ஆனால் 2025 ஜனவரி 5-ல் அந்தத் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள் பதவிக்காலமும் முடிந்து நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர் கைக்குப் போனபோது, யார் எந்தத் தெருவைப் பார்த்தார்கள் என்ற விவரமும் அவர்களோடு போய்விட்டது. நாளைக்குப் புயலோ காய்ச்சலோ வந்தால் அலுவலர் யாரைக் கூப்பிடுவார்? படகு ஓட்டத் தெரிந்தவர், நர்சிங் படித்தவர், ஆட்டோ வைத்திருப்பவர் என்று விருப்பமுள்ளவர்கள் பெயரையும் செல்போன் எண்ணையும் கிராம சபையில் கேட்டு, பதிவேட்டில் ஏற்றி, வருடா வருடம் திருத்தினால் போதும்.

– ஒரு வாசகர், தொண்டி